வர்தாவின் காற்றும் 4,100 ரூபாய்க் குடிசையும்

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. அன்று திருக்கார்த்திகை. மேற்குத் தாம்பரத்தில் நாங்கள் இருந்த தெருவில் ஒரு வாசலிலும் அகல் விளக்கு எரியவில்லை. மின்சாரம் காலையிலேயே போய்விட்டது. வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். கொக்கி கழன்ற ஜன்னல் கதவை ஒருவர் மாற்றி ஒருவர் கையால் பிடித்துக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டு மொட்டைமாடியில் இருந்த கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி நகர்ந்தது, உருண்டது, தெருவில் விழுந்தது. விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. காற்றின் சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

எங்கள் தலைக்கு மேல் கான்கிரீட் இருந்தது. ஆகவே அன்று நாங்கள் புயலை வேடிக்கை பார்த்தோம் என்றுதான் உண்மையாகச் சொல்ல வேண்டும். பயந்துகொண்டேதான் பார்த்தோம், ஆனாலும் அது வேடிக்கைதான். எங்களில் ஒரு தம்பி மட்டும் ஜன்னல் பக்கமே வரவில்லை. செல்போனைக் கையில் வைத்து, சிக்னல் வருகிறதா என்று பார்ப்பதும் மீண்டும் அழைப்பதுமாக இருந்தான். முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு காலனியில் அவனுடைய அம்மா இருந்தார். அந்த வீட்டுக்கு மேலே இருந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஷீட்டுக்கு மேல் நான்கு செங்கல், ஒரு பழைய லாரி டயர்.

வர்தா புயலைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி மரங்களைப் பற்றியது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததும், தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தின் காடு அலங்கோலமானதும், சென்னை தன் நிழலை இழந்ததும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டன. எழுதியவர்களைக் குறை சொல்லவில்லை; மரம் விழுந்தால் யாருக்கும் மனம் கலங்கும். ஆனால் அதே காற்று தூக்கிப்போன கூரைகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு வங்கக் கடலில் தொடங்கவில்லை. நம் ஊர்களின் வரைபடத்தில், செங்கல்பட்டு ஜில்லாவின் வருவாய்த் துறைக் கோப்புகளில் தொடங்கியது. அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் காற்றைப் பற்றிக் கொஞ்சம். மாணவத் தோழர்கள் வானிலைச் செய்தியைச் சொல் சொல்லாகப் படிக்கப் பழக வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் கோரிக்கை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் அது புயல், 89ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118ஐத் தொட்டால் அதிதீவிரப் புயல். வர்தா கடலில் அதிதீவிரப் புயலாக இருந்து, 12ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் சென்னையை ஒட்டிக் கரையேறியது. அப்போது காற்று 100 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது; இடையிடையே அது 120 வரை போனது. அந்த ‘இடையிடையே’ என்பதுதான் முக்கியம். புயல் ஒரே சீராக வீசுவதில்லை. மழைப்பட்டை ஒன்று வரும்போது சூறைக்காற்றாக எழும், ஓரிரு நிமிடம் அறையும், தணியும், மறுபடி எழும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய ஷீட் 100 கிலோமீட்டரையும் தாங்கிவிடும் என்று நினைப்பது அதனால்தான் தவறு.

இன்னொன்று, கூரையைக் காற்று மேலிருந்து அழுத்திப் பெயர்ப்பதில்லை. கூரைக்கு மேலே வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கதவிடுக்கு வழியாக உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. கூரை பட்டம் போலத் தூக்கப்படுகிறது. ‘ஜே’ கொக்கி போட்டு இரும்புச் சட்டத்தோடு முடுக்கிய ஷீட் ஓரளவு நிற்கும். கொக்கிக்கும் சட்டத்துக்கும் காசில்லாத வீட்டில் செங்கல், மணல்மூட்டை, டயர், அம்மிக்கல். அவற்றின் எடை ஆடி மாதக் காற்றுக்குப் போதும். வர்தாவுக்குப் போதவில்லை. தூக்கப்பட்ட ஷீட் உடைந்து விழும்போது, மேலே வைத்த கல்லும் வீட்டுக்குள்ளேதான் விழும்.

(‘வர்தா’ என்ற பெயரைக் கொடுத்தது பாகிஸ்தான். சிவப்பு ரோஜா என்று பொருளாம். பெயர் வைக்கிறவர்கள் கூரை இழக்கிறவர்கள் இல்லை.)

மறுநாள் 13ஆம் தேதி காலை மழை விட்டிருந்தது. ஜி.எஸ்.டி. சாலை வரை நடக்கவே மரங்களுக்கு மேல் ஏறி இறங்க வேண்டியிருந்தது. புறநகர் ரயில் இல்லை. முந்தைய நாள் மூடப்பட்ட மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வழக்கமாகத் தாம்பரத்தில் வானத்திலும் தண்டவாளத்திலும் ஏதாவது ஒன்று இரைந்துகொண்டே இருக்கும். அன்று அப்படியொரு அமைதி. தம்பியின் அம்மா நலமாக இருந்தார். இரவு முழுக்க அண்டை வீட்டுப் பெண்களோடு ஒரு தொகுப்பு வீட்டுக்குள் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். நின்றுகொண்டே என்றால் நின்றுகொண்டேதான். தரையில் கணுக்கால் தண்ணீர். காலையில் எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது, “சாப்பிட்டீங்களாப்பா?” என்றுதான்.

அந்தக் காலனியின் ஒரு தெருவில் நாங்கள் வீடு வீடாகப் போனோம். அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடுகள் சில இருந்தன. ஒழுகினாலும் அவை நின்றன. பிள்ளைகள் பெரியவர்களாகித் திருமணம் முடித்து, அதே மனையின் பின்பக்கம் ஒட்டுப்போட்டுக் கட்டிக்கொண்ட ஷீட் வீடுகள், தகர வீடுகள், ஏரிக்கரை ஓரத்து ஓலை வீடுகள் எல்லாவற்றுக்கும் வானம் தெரிந்தது. ஒரு வீட்டில் மேலே கட்சி பிளக்ஸ் பேனரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பள்ளிப் புத்தகங்களைப் பாயில் பரப்பி வெயிலுக்காகக் காத்திருந்தாள் ஒரு சிறுமி.

புதிய ஷீட் வாங்கலாம் என்றால் கையில் பணமில்லை. பணமில்லை என்றால் வறுமையை மட்டும் சொல்லவில்லை. நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தினக்கூலி வேலை ஏற்கெனவே படுத்துவிட்டது. இருக்கிற கொஞ்சப் பணத்தை எடுக்க ஏ.டி.எம். போனால் அங்கே மின்சாரம் இல்லை. அட்டை தேய்க்கும் கடையில் நெட்வொர்க் இல்லை. அந்த வாரம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தார்ப்பாயும் என்ன விலைக்கு விற்றன என்பது அப்போது வாங்கியவர்களுக்குத் தெரியும். முதலமைச்சர் ஜெயலலிதா இறந்து ஒரு வாரம் ஆகியிருந்ததால், தமிழ்நாடே வேறொரு செய்தியில் மூழ்கியிருந்தது.

அன்று மாலை திரும்பி நடக்கும்போது எங்களுக்குள் ஒரு கேள்வி வந்தது. ஏன் இங்கே மட்டும் இத்தனை வீடுகளுக்குக் கூரை இப்படி இருக்கிறது? ‘ஏழைகள், அதனால்’ என்பது பாதிப் பதில். மீதிப் பாதிக்குப் பின்னால் போக வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் இந்தியக் கிராமத்தைச் சேரி என்ற கோணத்திலிருந்து விவரித்த ஒரு நூல், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய தொகுப்பு நூல்களின் ஐந்தாம் தொகுதியில் வெளிவந்தது. தீண்டப்படாத மக்கள் செய்தால் ‘குற்றம்’ என்று கிராமம் கருதிய காரியங்களை அதில் அவர் வரிசைப்படுத்துகிறார். ஓடு வேய்ந்த கூரை போட்டு வீடு கட்டுவது அவற்றில் ஒன்று. அவர்களுடைய குடியிருப்பு ஊருக்குத் தெற்கே இருக்க வேண்டும் என்ற விதியையும், தெற்கு அமங்கலமான திசையாகக் கருதப்பட்டதையும் அவர் சொல்கிறார். நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னொரு கணக்கும் சொல்வார்கள். சேரியின் மேல் பட்ட காற்று ஊருக்குள் போகக்கூடாது என்று, காற்று வாட்டம் பார்த்துத்தான் சேரியைத் தள்ளி வைத்தார்களாம். காற்றுக்கும் தீட்டு உண்டு என்று நம்பிய சமூகம் இது. அப்படியிருக்க, ‘புயல் எல்லோருக்கும் பொதுதானே’ என்று நம்மிடம் வந்து சொல்கிறார்கள்.

ஆகவே ஓலைக் கூரை வெறும் வறுமையின் அடையாளமாக இருக்கவில்லை. பல ஊர்களில் அது ஒரு கட்டளை. கையில் காசு வந்தாலும் ஓடு போடக்கூடாது. புயலுக்கும் நெருப்புக்கும் மழைக்கும் முதலில் போகும் கூரையின் கீழ்தான் வாழ வேண்டும் என்ற கட்டளை.

கூரைக்குக் கீழே இருந்த மண் யாருடையது? தாம்பரமும் சுற்றுப்புற ஊர்களும் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவின் கலெக்டராக இருந்த ஜே.எச்.ஏ. திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அந்த அறிக்கையைச் சொல்கிறோம். அதன் மேல்தான் 1892ஆம் ஆண்டு அரசாணை வந்தது, அதன் வழியாகத்தான் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. ஆனால் சாகுபடி நிலத்தைப் பற்றிப் பேசும் வேகத்தில் அந்த அறிக்கையின் இன்னொரு பகுதியை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். அது வீட்டுமனையைப் பற்றியது.

செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசு முறை வலுவாக இருந்தது. கிராமத்துத் தரிசிலும் குடியிருப்பு நிலத்திலும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். சேரி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த குடிசை மண்ணும் மிராசுதாரருடையது என்றே கொள்ளப்பட்டது. கூலி உயர்த்திக் கேட்டால், வேறு பண்ணைக்கு வேலைக்குப் போனால், ஒரு துண்டுத் தரிசுக்கு மனுப் போட்டால், ‘வீட்டைக் காலி செய்’ என்று ஒரு வார்த்தை போதும். வயலைவிட வீட்டுமனைதான் பலமான கயிறு. இதைக் கண்டதனால்தான் குடியிருக்கும் மனையைச் சேரி மக்களுக்கே உரிமையாக்க வேண்டும் என்ற பேச்சு அறிக்கையில் வந்தது. வரலாற்றாசிரியர் ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியான ‘தி பறையா ப்ராப்ளம்’ என்ற நூலில் இந்த மனைப் பிரச்சினையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஆங்கிலம் வாசிக்கும் தோழர்கள் தேடிப் படியுங்கள், கடினமான புத்தகம்தான், ஆனால் நம் ஊர்ப் புத்தகம்.

நாளைக்குக் காலி செய்யச் சொல்லக்கூடிய மண்ணில் யார் கல் வீடு கட்டுவார்? சொந்தமில்லாத மண்ணில் பிரித்து எடுத்துப் போகக்கூடிய வீட்டைத்தான் கட்டுவார்கள். மூங்கில், ஓலை, கயிறு. காற்று வந்தால் அதுவும் எளிதாகப் பிரித்து எடுத்துப் போகும்.

திரமென்ஹீருக்குப் பின் நூறாண்டு தாண்டி அதே செங்கல்பட்டில் என்ன நடந்தது என்பதை இன்றைய மாணவர்களில் பலர் அறியாமலேயே வளர்கிறார்கள். காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அதே மாதம் 31ஆம் தேதி ஒரு தீவிரப் புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தது. வர்தா வந்தபோது, 1994க்குப் பிறகு சென்னையை நேராகத் தாக்கும் புயல் என்று எல்லா ஊடகமும் நினைவுகூர்ந்ததே, அந்தப் புயல்தான். 1994 என்றவுடன் நகரத்துக்குப் புயல் நினைவுக்கு வருகிறது. அதற்கு மூன்று வாரம் முன்பு, நிலம் கேட்டுப் போனவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூடு நினைவுக்கு வருவதில்லை. எங்களுக்கு இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்களாகத் தெரிகின்றன. நிலம் கிடைக்காதவருடைய கூரைதான் பறக்கிறது.

வர்தாவுக்குச் சுமார் ஓராண்டு முன்பு, 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. மறுநாள் காலை எட்டரை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். அடையாறு முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது. அங்கே மாடி வீடுகளும் மூழ்கின, ஐ.டி. ஊழியர்களும் படகில் வந்தார்கள். ‘வெள்ளம் சாதி பார்க்கவில்லை’ என்ற வாக்கியம் அந்த நாட்களில்தான் பிறந்தது. நிவாரணத்துக்குத் திரண்ட ஆயிரக்கணக்கான இளைஞர்களின் உழைப்பை நாம் சிறுமைப்படுத்தவில்லை. எங்களில் பலர் களப்பணிக்கு வந்ததே அந்த டிசம்பரில்தான். ஆனால் தண்ணீர் வடிந்ததும் சாதி தரையில் தெரிந்தது. சேறும் அழுகலும் செத்த ஆடுமாடுகளும் அள்ள வேறு மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் துப்புரவுத் தொழிலாளர்களை லாரியிலும் பேருந்திலும் கொண்டுவந்தார்கள். பெரும்பாலோர் தலித்துகள், குறிப்பாக அருந்ததியர். தங்க மண்டபம், மாற்றுத் துணி, கையுறை எதற்கும் அவர்கள் கெஞ்ச வேண்டியிருந்தது. தங்கள் ஊரில் தங்கள் கூரையும் ஒழுகிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. ஓராண்டு கழித்து வர்தா விழுத்திய மரங்களை வெட்டி அகற்றவும் அதே மக்கள்தான். இயந்திர ரம்பம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மேற்குத் தாம்பரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றை இரண்டு பேர் வெறும் அரிவாளால் நாள் முழுக்கக் கழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். தெருவில் இருந்தவர்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். பேப்பர் கப்பில்.

இனி அந்த 4,100 ரூபாய்க்கு வருவோம்.

பேரிடர் நிவாரணம் கருணை இல்லை, அதற்கு விதிமுறை இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று மத்திய அரசு பட்டியல் போடுகிறது. வர்தா காலத்தில் நடைமுறையில் இருந்தது 2015 முதல் 2020 வரைக்கான பட்டியல். அதில் சமவெளிப் பகுதியில் முழுவதும் இடிந்த வீட்டுக்கு 95,100 ரூபாய். அந்த வீடு கல் வீடாக இருந்தாலும் மண் வீடாக இருந்தாலும் அதே தொகை. சேதமான அல்லது அழிந்த குடிசைக்கு 4,100 ரூபாய். ஓலை, மண், பிளாஸ்டிக் தாள் போன்றவற்றால் ஆன தற்காலிகக் கட்டுமானம், அதாவது மண் வீட்டுக்கும் கீழான ஒன்று, குடிசை என்று அந்தப் பட்டியலே விளக்கம் தருகிறது. அத்தோடு ஒரு குறிப்பும் உண்டு: சேதமான வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும்.

இந்த இரண்டு வரிகளையும் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மனை சொந்தமில்லாததால் குடிசை. குடிசை என்பதால் 4,100. பட்டா இல்லாததால் அனுமதியில்லை. அனுமதியில்லாததால், நாலு பக்கச் சுவரும் வைத்துக் கட்டிய வீடாகவே இருந்தாலும் அதை ‘வீடு’ என்ற பத்தியில் எழுத முடியாது. ஒருவருடைய தாத்தாவுக்கு மறுக்கப்பட்ட மனை, பேரனுடைய இழப்பீட்டில் 91,000 ரூபாய் வித்தியாசமாக வந்து நிற்கிறது. இங்கே எந்த அதிகாரியும் சாதிப் பெயர் சொல்லித் திட்டவில்லை. படிவத்தில் சாதி என்ற பத்திகூட இல்லை. தேவையில்லை, கூரை என்ற பத்தி இருக்கிறது. பின்னர் 2022இல் தொகைகளை உயர்த்தினார்கள்: வீட்டுக்கு 1,20,000, குடிசைக்கு 8,000. தொகை உயர்ந்தது, இடைவெளியும் கூடவே உயர்ந்தது.

மாநில அரசு தன் பங்குக்குக் கூடுதலாகக் கொடுப்பதுண்டு. 2015 வெள்ளத்தில் குடிசை இழந்த குடும்பத்துக்கு 10,000 ரூபாய், 10 கிலோ அரிசி, வேட்டி, சேலை என்று அறிவித்தார்கள். அது நல்லதுதான், அந்தப் பணத்தில் பல வீடுகளில் அடுப்பெரிந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆனால் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமே. வர்தாவுக்குப் பின் நாங்கள் போன காலனிக்குக் கணக்கெடுக்க வந்தவர் தெருமுனை வரை வந்தார். உள்ளே தண்ணீர் நின்றதால் பைக்கிலிருந்து இறங்கவில்லை. ஒரு மனைக்கு ஒரு வீடு என்று எழுதிக்கொண்டார். முன்பக்கம் தொகுப்பு வீடு நின்றுகொண்டிருந்தால் ‘சேதமில்லை’. பின்பக்கம் மகனும் மருமகளும் குழந்தையும் இருந்த ஷீட் வீடு அவருடைய காகிதத்தில் இல்லவே இல்லை. நாங்கள் வாக்குவாதம் செய்தோம். தனி ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்டார். சிலரிடம் இருந்தது, அது நனைந்து கூழாகியிருந்தது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கும் அநியாயம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தது. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த லோயர் நைன்த் வார்டு பகுதி கடுமையாக அழிந்தது. வீட்டை மீண்டும் கட்ட அரசு கொடுத்த உதவியைக் கணக்கிட, புயலுக்கு முந்தைய சந்தை விலையையும் ஓர் அளவுகோலாக வைத்தார்கள். கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் அதே அளவு வீட்டுக்கும் சந்தை விலை குறைவு. ஆகவே திரும்பக் கட்டும் செலவு ஒன்றாகவே இருந்தாலும் அவர்களுக்குக் குறைவான பணம். அங்கேயும் படிவத்தில் நிறம் கேட்கவில்லை. நீதிமன்றம் போனார்கள், 2011இல் வழக்கு சமரசத்தில் முடிந்து கூடுதல் தொகை பெற்றார்கள். அங்கே அந்த வழக்கை நடத்த முடிந்ததற்குக் காரணம், எந்தத் தெருவில் யார் வாழ்கிறார்கள், யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்ற எண்கள் அவர்கள் கையில் இருந்தன. நம்மிடம் அந்த எண்கள் இல்லை. சுனாமி முதல் கஜா வரை நிவாரணத்தில் சாதி பார்க்கப்பட்டதைத் தலித் அமைப்புகள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்திருக்கின்றன. அவற்றை அரசுக் கணக்கோடு ஒப்பிட முடியாதபடி அரசு கணக்கெடுக்கிறது.

‘அப்படியானால் குடிசையே வேண்டாம், எல்லோருக்கும் கான்கிரீட் கொடுத்துவிட்டோமே’ என்று ஒரு பதில் வரும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்களை ‘பாதுகாப்புக்காக’ என்று சொல்லி அள்ளிக்கொண்டுபோய் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். ஆற்றோரம் கட்டப்பட்ட பெரிய கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி அது. கூரை பறக்காது, உண்மை. ஆனால் வர்தா போன்ற காற்று வந்து மின்சாரம் நாட்கணக்கில் போனால் லிஃப்ட் இல்லை, மோட்டார் இல்லை, ஏழாவது மாடிக்கு ஒரு குடம் தண்ணீர் யார் தூக்குவது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது பள்ளிக்கரணைச் சுற்றுப்புறம் முழுக்கத் தண்ணீரில் நின்றதை நாடே பார்த்தது. நகரத்துக்குள் இருந்த வீட்டு வேலையும் கட்டட வேலையும் 20, 25 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டன. ஊருக்கு வெளியே, தாழ்வில், தனியே. இந்த மூன்று சொற்களையும் நாம் முன்பே எங்கோ கேட்டிருக்கிறோம்.

வர்தாவின் எட்டாம் நாள், காலனியில் மின்சாரம் வருவதற்கு முன்பே, நாங்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். அதுவரை நிவாரணப் பட்டியல் என்றால் பெயர், ஆட்கள் எண்ணிக்கை, கைக்குழந்தை உண்டா, என்ன பொருள் தேவை, அவ்வளவுதான் எழுதுவோம். போர்வையும் பிஸ்கட்டும் கணக்காகக் கொடுக்க அது போதும். இந்த முறை இன்னும் நான்கு கோடுகள் இழுத்தோம். கூரை எதனால் ஆனது, புயலுக்கு முன் இருந்ததா. இந்த மனையில் எத்தனை அடுப்பு எரிகிறது. மனை யார் பெயரில். அரசுக் கணக்கில் உங்கள் வீட்டை என்னவென்று எழுதினார்கள்.

அடுப்பு எத்தனை என்ற கேள்வியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தம்பியின் அம்மாதான். வீடு எத்தனை என்று கேட்டால் ஒன்று என்பார்கள், அடுப்பு எத்தனை என்று கேட்டால் உண்மை வரும் என்றார். அப்படியே வந்தது. ஒரு மனையில் மூன்று, இன்னொன்றில் நான்கு. அந்த நோட்டைப் பிரதி எடுத்து மனுவோடு இணைத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்தோம், ரசீது வாங்கினோம். விடுபட்ட குடும்பங்களில் சிலருக்கு மட்டும் பின்னர் குடிசைத் தொகை வந்தது.

மனை யார் பெயரில் என்ற கேள்வியை அந்தத் தெருவின் மூத்த பெண் ஒருவரிடம் கேட்டபோது, அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய மாமியார் காலத்தில் ஒரு காகிதம் இருந்ததாம். ஓலைக்கூரை எரவாணத்தில் செருகி வைத்திருந்தார்களாம். அது ஒரு புயலில் கூரையோடு போய்விட்டது என்றார். எந்தப் புயல் என்று கேட்டோம். வருடம் அவருக்கு நினைவில்லை. மகள் வயதுக்கு வந்த வருடம் என்று மட்டும் சொன்னார். நோட்டில் அதையே எழுதிக்கொண்டோம்.